நண்டு மாசானம் செத்த நாள்

இனிமேல் கருப்பட்டி விற்பதில்லை என்று மாசானம் முடிவு செய்துவிட்டான். முடிவு செய்தது சுலபமாக இருந்தது. அதை வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதுதான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வீடு முத்தையாபுரத்தில். கடை தூத்துக்குடி மார்க்கெட் பக்கம். அப்பா வைத்துவிட்டுப் போன கடை. கடைக்கு வருகிறவர்கள் கருப்பட்டியை முகர்ந்து பார்ப்பார்கள். தட்டிப் பார்ப்பார்கள். ஓரத்தை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். விற்கிறவனை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதுகூடத் தராசைப் பார்த்துத்தான். இது மாசானத்துக்கு நெடுநாள் மனக்குறை. வீட்டிலாவது நிமிர்ந்து பார்க்க ஆள் உண்டா என்றால், அங்கே மனைவி சீனித்தாய் இருந்தாள். அவள் பார்ப்பாள். ஆனால் அவள் பார்த்தால் இவன் குனிந்துகொள்வான்.

இப்படி இருந்தவன் வாழ்க்கையில்தான் 'குத்துக்கு ஒரு கோமான்' இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது.

சீனாக்காரன் சண்டைப் படங்கள் ஊர் ஊராக ஓடி, நம்மாட்களுக்கும் கைகால் ஊற ஆரம்பித்திருந்த காலம் அது. மெட்ராஸில் ஒரு சினிமாக் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்து முதல் பாகத்தை எடுத்தார்கள். கதாநாயகன் கொக்குச் சண்டை பழகியவன். ஒற்றைக் காலில் நிற்பான், மற்றக் காலால் ஊரையே உதைப்பான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. உடனே இரண்டாம் பாகம். ஆனால் ஒரு சங்கடம். முதல் பாகத்தில் எதிரிகள் அத்தனை பேரையும் கொக்கு கொன்று தீர்த்திருந்தது. இரண்டாம் பாகத்துக்கு உதைப்பதற்குப் புது ஆட்கள் வேண்டும். உப்பளத்தில் சண்டை வைத்தால் புதுமையாக இருக்கும் என்று தூத்துக்குடிக்கு வந்து இறங்கிவிட்டார்கள்.

சண்டை மாஸ்டர் பெயர் பொன்னுதுரை. மார்க்கெட்டில் ஜீப்பை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தவர், எதிரே ஒருவன் கருப்பட்டிச் சிப்பங்களை லாரி மேலே தலையணை எறிவதுபோல் எறிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு மனுஷன் கருப்பட்டியை விட்டுவிட்டு மாசானத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"இன்னா மிருகம் தெரியும் உனக்கு?" என்றார் மாஸ்டர்.

மாசானத்துக்குப் புரியவில்லை. அந்தப் படத்தில் ஒவ்வொரு எதிரியும் ஒவ்வொரு பிராணியின் பாணியில் சண்டை போட வேண்டுமாம். பாம்பு, புலி, கழுகு எல்லாவற்றையும் மெட்ராஸ் ஆட்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். "புதுசா ஏதாச்சும் காமி" என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் காலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாசானம் பயந்துபோனான். பின்னால் போக இடமில்லை, சிப்பம் கிடந்தது. முன்னால் போக தைரியமில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சரசரவென்று நகர்ந்தான்.

"நண்டு!" என்று கத்தினார் மாஸ்டர். "கொக்குக்கு எதிரி நண்டு! எங்கய்யா இருந்தே இத்தினி நாளா?"

அன்றிலிருந்து அவன் நண்டு மாசானம். கதையில் வில்லனின் வலதுகை. மார்க்கெட்டில் ஆட்கள் கருப்பட்டி வாங்காமல் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வியாபாரம் படுத்தது. மாசானம் எழுந்து நின்றான்.

வீட்டில் ஒத்திகை நடந்தது.

"ஏளா, நீதான் கொக்கு."

"அடுப்புல குழம்பு கிடக்கு."

"குழம்பைப் பாத்துக்கிட்டே ஒத்தைக் கால்ல நில்லு. நான் சைடுல வந்து காலைப் பிடிப்பேன். நீ எம்பிக் குதிச்சு என் தலைக்கு மேல கையை வீசணும். மேல படக் கூடாது. படாமலே நான் விழுவேன்."

"படாம எதுக்கு விழணும்?"

"அதுக்குப் பேருதாம்ளா டைமிங்."

"அடி படாம விழுததுக்கு ஒரு மாஸ்டரு, அவருக்கு ஒரு ஜீப்பா?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது. இந்தா, வாரேன் பாரு."

மாசானம் அடுக்களைக்குள் பக்கவாட்டில் நகர்ந்து வந்தான். சீனித்தாய் ஒற்றைக் காலில் நின்றபடி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் காலைப் பிடித்தான். அவள் எம்பவில்லை, குதிக்கவில்லை. அகப்பையை மட்டும் திருப்பினாள். டங் என்று ஒரு சத்தம்.

"பட்டுட்டா?"

"பட்டுட்டு."

"அப்ப டைமிங் சரியா வரல போல. இன்னொரு தடவை வாங்க."

இன்னொரு தடவை அவன் போகவில்லை.

இந்த மட்டும் எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் மாஸ்டர் சாவகாசமாகச் சொன்னார். "நாளைக்கு உப்பு அம்பாரத்து மேல ஃபைட்டு. அத்தோட நண்டு காலி."

"காலின்னா?"

"செத்துடுவே. பாம்பு மட்டும் க்ளைமாக்ஸுக்கு மெட்ராஸ் வருது."

மாசானம் சட்டென்று திரும்பினான். பக்கத்திலேயே குவிந்து கிடந்த உப்பு அம்பாரத்தைப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று பிணத்துக்குப் போர்த்துகிற கோடி மாதிரி இருந்தது. "சாகாம இருந்தா?" என்று கேட்டான்.

"சாகாம இருந்தா உனக்கும் மெட்ராஸ்தான். செட்டு போட்டு மூணு மாசம் வேலை. அப்பால மூணாம் பாகம் வரும். ஆனா அதெல்லாம் டைரக்டர் மனசு வெக்கணும்பா."

மூன்று மாதம் மெட்ராஸ்! மூன்றாம் பாகம்! கருப்பட்டியை மறந்து, தராசை மறந்து, பார்க்கிறவர்களெல்லாம் தன்னையே பார்க்கிற ஒரு வாழ்க்கை! அது கைக்கு எட்டி வந்து, நாளைக்கு உப்பில் புதையப் போகிறது. மாசானம் நாள் முழுக்கத் துவண்டு கிடந்தான். சாயங்காலத்துக்குள் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவனுக்குத் தோன்றுகிற யோசனைகள் வழக்கமாக விடிந்ததும் கருகிவிடும். இது கருகவில்லை.

சினிமாக்காரர்களுக்குச் சகுனம் என்றால் உயிர். முந்தின நாள்தான், கார் சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டது என்று காலை முழுக்க கேமராவை மூடி வைத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் முன்னால் ஒரு சுமங்கலி போய் நின்று, விளையாட்டுக்குக்கூட என் புருஷனைக் கொல்லாதீர்கள் என்று தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதால்? டைரக்டர் ஆடிப்போய்விட மாட்டாரா? சீனித்தாய் அழ வேண்டும். அவ்வளவுதான்.

சீனித்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்னைக் கொல்லப் போறாவ" என்றான், குரலை உடைத்துக்கொண்டு.

"எத்தனை மணிக்கு?"

"வெளையாடாதளா. படத்துல நண்டைக் கொல்லுதாவ."

"செத்துட்டா என்ன செய்விய?"

"செத்துட்டா வேலை முடிஞ்சுது. சட்டையை மாத்திக்கிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்."

"மறுநாள் கடையைத் திறந்துருவியளா?"

"திறக்காம?"

"சாகலைன்னா?"

"சாகலைன்னா மெட்ராஸுக்கு..." என்று தொடங்கிய வாயை அவன் மூடுவதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது. மீதியை அவள் இழுத்து எடுத்துவிட்டாள். மூணே மாசம்தான் என்றான். கடையை அவள் தம்பியிடம் கொடுத்துவிடலாம் என்றான். திரும்பி வரும்போது மெட்ராஸ் புடவை என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் தேய்ந்துகொண்டு போயிற்று.

சீனித்தாய் களைந்த தண்ணீரை முற்றத்துத் தென்னைக்கு ஊற்றினாள். "எங்க அப்பா தோணி ஏறும்போது கொழும்புக்கு மூணே மாசம்னுதான் சொன்னாரு. அங்கன ஒரு கடை, ஒரு குடும்பம்னு ஆயிப்போச்சு. எங்க அம்மை சாகுத வரைக்கும் துறைமுகத்துல சங்கு ஊதினா வாசலுக்கு வந்து நிப்பா."

மாசானத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரையும் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் அவன் இத்தனை வருஷம் கருப்பட்டி விற்றிருந்தான்.

"நான் அப்படிப் போவேனாளா? நீ வந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாப் போதும். இந்த ஒரு ஆசைதான் எனக்கு. வேற என்னைக்காவது எதாவது கேட்டிருக்கேனா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. வாரேன். அழுவுதேன்."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. உடனே மாஸ்டர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழுகைக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டான். "அம்பாரத்துக்கிட்ட வரும்போது நடை தளரணும். டைரக்டரைப் பாத்ததும் நெஞ்சுல ஒரு அடி. அப்புறம் தாலியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடணும். இந்த எடத்துலதான் குரல் வரணும்." எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டினாள். அதுவும் புதுசு.

மறுநாள் உப்பளத்தில் வெயில் கண்ணைப் பிடுங்கியது. அம்பாரத்தின் உச்சியில் கொக்கு ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் நண்டு, சிவப்புக் கால்சட்டையும் முறுக்கு மீசையுமாகத் தயாராக இருந்தது. டைரக்டர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "ஸ்டார்ட்" என்று சொல்ல வாயைத் திறந்த அந்த நிமிஷத்தில், பாத்தி வரப்பில் சீனித்தாய் வந்தாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றி நிறையக் குங்குமம். நடை தளர்ந்தது. நெஞ்சில் ஒரு அடி விழுந்தது. தாலி கண்ணுக்குப் போயிற்று. சொல்லிக் கொடுத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. மாசானத்துக்குப் பெருமையில் மீசை இன்னும் முறுக்கிக்கொண்டது.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "யாரும்மா நீங்க? ஏன் அழறீங்க?"

"இந்த நண்டு என் வீட்டுக்காரரு, சாமி."

"ஐயையோ. அவர் சாகப் போறாருன்னு அழறீங்களா? நல்ல நாளும் அதுவுமா ஒரு சுமங்கலியை அழ வைக்கக் கூடாதும்மா. மாஸ்டர்! நண்டு சாக வேணாம். சீனை மாத்துங்க. க்ளைமாக்ஸுக்குக் கூட்டிக்கலாம்."

மாசானத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் அவன் காதுக்குள்ளேயே கூவியது.

சீனித்தாய் சடாரென்று டைரக்டர் காலில் விழுந்தாள். "சாமி, அப்படிச் சொல்லிராதிய! கொல்லாம விட்டுருவியளோன்னுதானே ஓடி வந்தேன்!"

டைரக்டர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இவருக்கு இந்த வருஷம் கண்டம் இருக்கு. சோசியரு தலையில அடிச்சுச் சொல்லிட்டாரு. சும்மா ஒப்புக்காவது ஒரு தடவை செத்து, பாடையில படுத்து எந்திரிச்சாத்தான் கண்டம் கழியுமாம். அம்மன் கோயில்ல பாடை நேர்ச்சை வச்சிருக்கேன். கடையை விட்டுக் கோயில் குளம்னு போகாதவரு, எப்படிக் கழிக்கன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். அம்மனே மெட்ராஸ்லேருந்து ஒங்களை அனுப்பியிருக்கா. நல்லாக் கொல்லுங்க சாமி! மிச்சம் வைக்காமக் கொல்லுங்க!"

"ஏளா!" என்றான் மாசானம்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்டம் கழியாம மெட்ராஸ் கூட்டிட்டுப் போயி, அங்கன பாதிப் படத்துல உண்மையிலேயே ஏதாவது ஆயிப்போச்சுன்னா? எடுத்த படமெல்லாம் என்ன ஆகும்? ஒங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம்."

டைரக்டரின் முகம் வெளுத்துவிட்டது. எலுமிச்சம்பழத்துக்கே பயந்தவர், கண்டத்துக்குப் பயப்படாமல் இருப்பாரா? "மாஸ்டர்" என்றார் மெதுவாக. "நண்டைக் கொன்னுடுங்க. வெறுமனே விழுந்தாப் போதாது. பாடை கட்டுங்க. ஒப்பாரி வைங்க. அந்தம்மா நேர்ச்சை நம்ம படத்துல நிறைவேறணும்."

"சோசியன் எவன்? பொய் சார், பொய்!" என்று மாசானம் கதறினான். சாகப் போகிற பயத்தில் பேசுகிறான் என்று எல்லோரும் அவன்மேல் இரக்கப்பட்டார்கள்.

சண்டை தொடங்கியது. மாஸ்டர் கீழிருந்து கத்தினார். "கொக்கு எம்பு! நண்டு சைடுல வா! காலைப் பிடி! கொக்கு கழுத்துல ஒரு வெட்டு! நண்டு உருளு!" மாசானம் உருண்டான். அடிவாரத்தில் வந்து விழுந்தான். ஆனால் சாகவில்லை. எழுந்து நின்று மறுபடி பக்கவாட்டில் நகர்ந்து மேலே ஏறினான்.

"கட்! யோவ், செத்துட்டய்யா நீ!"

"இன்னும் உசிரு இருக்கு மாஸ்டர். உள்ள துடிக்கு."

மறுபடி வெட்டு, மறுபடி உருளல். மறுபடி எழுந்துவிட்டான். கொக்குக்கு ஒற்றைக் கால் வலித்தது. உப்பில் உரசி மாசானத்தின் முழங்கையெல்லாம் எரிந்தது. எரியட்டும், நின்றுவிட்டால் மெட்ராஸ் கைநழுவிப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். மனசில் அவன் அழுதுகொண்டிருந்தான். கண்ணில் நீர் வந்தது உப்பால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த சீனித்தாய் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "எந்திரிக்காதிய! ஞாயித்துக்கெழமை மத்தியானம் வீட்டுல கிடப்பியள்ளா, அது மாதிரி கிடங்க!"

அந்தக் குரலுக்கு அவன் உடம்பு பழகியிருந்தது. அது தானாகவே அடங்கிப் படுத்துவிட்டது. "ஓகே!" என்றார் டைரக்டர்.

பச்சை மட்டையில் பாடை கட்டி, மாசானத்தை அதில் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த துணை நடிகைகள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அது கல்யாண வீட்டில் குலவை போடுகிற மாதிரி இருந்தது. சீனித்தாய்க்குப் பொறுக்கவில்லை. "இதுக்குப் பேரு அழுகையா? எங்க ஊர்ல நாய் செத்தாக்கூட இதைவிட நல்லா அழுவாளுவ" என்றாள்.

"நீங்க பாடுவீங்களாம்மா?" என்றார் டைரக்டர்.

"நான் சுமங்கலி, அவருக்குப் பொண்டாட்டியா உக்காந்து அழ மாட்டேன். கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்னு, நண்டோட ஆத்தா அழுத மாதிரி வேணா பாடுதேன். குரலை மட்டும் புடிச்சுக்கிடுங்க."

டேப்பை ஓடவிட்டார்கள். சீனித்தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எடுத்தாள் பாருங்கள்!

"ஒத்தப் பனையா வளந்த மவனே
உப்புத் தரையில சாஞ்ச மவனே
முன்னப் பொறந்தவனும் ஒனக்கில்லையே
பின்னப் பொறந்தவனும் ஒனக்கில்லையே
ஒம் மொகம்போல ஒரு மொகத்த
ஒலகத்துல எங்க போயித் தேடுவேன்..."

மின்சாரக்காரன் விளக்கைப் பிடித்தபடி விம்மினான். கொக்கு இரண்டு காலிலும் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. டைரக்டர் தேம்பினார். பாடையில் கிடந்த மாசானமே காதைத் தீட்டிக்கொண்டான். தன் முகத்தைப் போல ஒரு முகம் உலகத்தில் இல்லையாமே! கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைக் கேட்பதற்காகவே சாகலாம் போலிருந்தது. அவள்மேல் இருந்த கோபம்கூடப் பாதி இறங்கிவிட்டது.

பாடையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வரப்பில் நடக்கும்போது, ஆட்டத்தில் அவன் மூளை விழித்துக்கொண்டது. செத்தால் என்ன? எந்தப் படத்தில் செத்தவன் திரும்பி வராமல் இருந்திருக்கிறான்? இரட்டைப் பிறவி! நண்டுக்கு ஒரு தம்பி. அச்சு அசலாக அதே முகம். கொழும்பில் வளர்ந்தவன். அண்ணனைக் கொன்ற கொக்கைத் தேடி க்ளைமாக்ஸில் மெட்ராஸில் வந்து இறங்குகிறான்! பாடையைக் கீழே வைப்பதற்குள் மாசானம் துள்ளிக் குதித்து, மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு டைரக்டரிடம் ஓடினான். கண்டமும் கழிந்துவிட்டது, இனிமேல் என்ன தடை என்று மூச்சு வாங்கிக்கொண்டே கதையைச் சொன்னான்.

டைரக்டர் துள்ளிவிட்டார். "பிரமாதம்யா! இது ஏன் எனக்குத் தோணலை? ரெட்டை நண்டு! மாஸ்டர், மெட்ராஸுக்கு இன்னொரு டிக்கெட்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நின்றார். உதட்டுக்குள் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தார். முன்னப் பொறந்தவனும் இல்லை. பின்னப் பொறந்தவனும் இல்லை. அது மாதிரி ஒரு முகம் உலகத்திலேயே இல்லை. "பெத்த தாயே பாடிட்டாளேய்யா" என்றார் பரிதாபமாக.

"அந்த வரியை எடுத்திருங்க சார்!"

"அந்த வரியையா? படத்துக்கே உயிர்யா அது! வேணும்னா உன்னை எடுக்கறேன், அதை எடுக்க மாட்டேன்."

மாசானம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். குடைக்குக் கீழே சீனித்தாய் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். உப்பு காய்ந்து அவன் உடம்பெல்லாம் இழுத்தது. பேச என்ன இருக்கிறது? நாளைக்குக் கடை. நாளை மறுநாளும் கடை. அவனைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிற ஜனங்கள். கடைசியில் கேட்டான். "எந்தச் சோசியன்ளா சொன்னான்?"

"ஒங்களுக்குச் சாதகமே எழுதலையே. ஒங்க அம்மையே சொல்லியிருக்காவ."

"தம்பி வேஷம் கேப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு படம் நானும் பாத்திருக்கேம்லா."

"இனி என்னை யாருளா பாக்கப் போறாவ?" அவன் குரல் உண்மையாகவே உடைந்துவிட்டது.

"நான் பாக்கலையா?" என்றாள் அவள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்தப் பாட்டு ஒண்ணும் சும்மா வரல" என்றாள்.

மாசானம் அதைக் கேட்டு லேசாகத் தேறினான். இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வீடு வந்தது. முந்திக்கொண்டு உள்ளே போன சீனித்தாய், அவன் வாசற்படியில் கால் வைக்கும்போது குறுக்கே கையை நீட்டி மறித்தாள். மற்றக் கையில் வாளி இருந்தது.

"அங்கனயே நின்னு தலைக்கு ஊத்திட்டு உள்ள வாங்க. சாவுக்குப் போயிட்டு வந்திருக்கிய."